காலி எடை

பின்வரிசை இடது சீட்டில் ஆள் இல்லை. பெல்ட் மட்டும் போட்டிருந்தது.

ஆள் இல்லாத சீட்டில் பெல்ட்டை மாட்டி வைப்பது ஹெலிகாப்டர் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மாட்டாமல் விட்டால் அதன் நுனி கதவிடுக்கு வழியாக வெளியே போய், பறக்கிற நேரம் முழுக்கத் தகட்டை அடித்துக்கொண்டே வரும். இறங்கிப் பார்த்தால் பெயின்ட் போயிருக்கும். அதனால் கொக்கியை மாட்டி, நுனியைப் பிடித்து இழுத்து, பெல்ட் சீட்டோடு சீட்டாக ஒட்டும்படி இறுக்கிவிடுவார்கள். மற்ற சீட்டுகளில் அப்படித்தான் இருந்தது. இந்த ஒன்றில் மட்டும் யாரும் இறுக்கவில்லை. கொக்கி சீட்டுக்கு மேலே உயர்ந்து, பட்டை இரண்டு பக்கமும் வளைந்து, நடுத்தர உடம்புக்காரர் ஒருவர் உட்கார எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடத்தை விட்டு நின்றது.

அவள் கதவருகே குனிந்து பார்த்தாள். பழைய ரெக்சின் வாசனை, இன்ஜின் எண்ணெய் வாசனை, அதற்கெல்லாம் அடியில் ஈரத் தலைமுடியின் வாசனை. குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டாமல் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருமே, அது. அவள் ஹெலிகாப்டர் இன்ஜினியர். இருபக்கமும் இன்ஜினைத் திறந்து பார்த்தாயிற்று, கியர் பெட்டியைப் பார்த்தாயிற்று, மேல் விசிறியின் இறக்கைகளை விரலால் தட்டித் தட்டிக் கேட்டாயிற்று. எல்லாம் சுத்தம். குறை என்று சொல்ல இந்த பெல்ட்தான் மிச்சம். கையை நீட்டினாள்.

"அது பழைய பட்டை மேடம், விறைச்சுப் போயிருக்கும்" என்றார் தரகர். விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் நிற்கும் அந்த மனிதர், முன்பக்கத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர், பின்கதவுப் பக்கம் மட்டும் வரவேயில்லை. "முன்னாடி வச்சிருந்தவங்க ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அந்த பெல்ட்ட மட்டும் அப்படியே விட்டுடணுமாம்."

"ஏனாம்?"

"தெரியல மேடம். பழக்கம்னாங்க."

அவள் புருஷன் முன் சீட்டில் உட்கார்ந்து, இயங்காத ஹெலிகாப்டரின் பிடியை அசைத்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் கேப்டன். வீட்டில் அவளுக்கும் பாதி நேரம் அதே பெயர்தான். ஐம்பதை நெருங்குகிற ஆள், புது சைக்கிள் கிடைத்த முகத்தோடு திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு பெல்ட்டைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் நடுக்கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. கட்டிலில் பாதியை அவள் வருஷக்கணக்காகக் காலியாகவே பார்த்திருக்கிறாள். தினமும் போன் செய்து கடைசியாக ஒரே கேள்வி கேட்பார்: "போட்டாச்சா?" கதவைத்தான். "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வைப்பாள். போதும் என்று தோன்றியபோதுதான் இரண்டு பேரும் சேர்ந்து, பக்கத்துத் தீவுகளுக்கு ஹெலிகாப்டர் விடுவதென்று முடிவு செய்தார்கள். கடல் தாண்ட வேண்டுமானால் இரண்டு இன்ஜின் இருக்க வேண்டும் என்பது சட்டம். புதிதாக வாங்க அவர்களால் கனவில்கூட முடியாது. இது அமையாவிட்டால் அவர் மறுபடி கடலுக்குக் கிளம்பிவிடுவார்; பழைய கம்பெனி பதிலுக்குக் காத்திருந்தது.

அவளுக்குப் பயம் உடனே வருவதில்லை. முதலில் விரல் நுனி மரத்துப்போகும், அப்புறம் உதடு. அதற்குள் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்து முடித்திருக்கும். அன்றைக்கும் விரல் மரத்தது. வாங்கிவிட்டார்கள்.

*

தங்கள் ஹேங்கருக்கு, ஹெலிகாப்டர் நிறுத்தும் தகரக் கொட்டகைக்கு, கொண்டுவந்ததும் முதல் வேலை எடை போடுவது. காற்று புகாமல் பெரிய கதவுகளை இழுத்து மூடி, எரிபொருளை வடித்துவிட்டு, அடியில் ஜாக் கொடுத்து, மூன்று இடங்களில் எடை மெஷின் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து ஹேங்கர் மெக்கானிக் உதவிக்கு வந்தார். அவர் மீசைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அவரையே மீசை என்றுதான் கூப்பிடுவார்கள்.

கதவு மூடியதும் வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, தகரக் கூரை வெயிலில் விரிகிற டிக் டிக் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் மெஷினில் வந்த எண்களைக் கூட்டினாள். இன்னொரு தடவை கூட்டினாள். ஜாக்கை இறக்கி, ஏற்றி, மறுபடி பார்த்தாள்.

"கூடுது" என்றாள்.

கேப்டன் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "எவ்ளோ கூடுது?"

"ஒரு ஆள் எடை. பின்பக்கம், இடது ஓரத்துல."

"வயசாயிடுச்சுல்ல, கூடத்தான் செய்யும். கல்யாணத்தப்ப நீ எவ்ளோ இருந்த, இப்ப எவ்ளோ இருக்க?"

மீசை சிரிப்பைத் தன் மீசைக்குள்ளேயே அடக்கிக்கொண்டார்.

பழைய ஹெலிகாப்டர் எடை கூடும் என்பது உண்மைதான். பெயின்ட் மேல் பெயின்ட் அடிப்பார்கள், பழைய ஒயரைக் கழற்றாமல் புது ஒயர் இழுப்பார்கள், உள்பஞ்சு ஈரம் குடிக்கும். அவள் தரைத் தகட்டைக் கழற்றினாள். பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. அடியில் கிடைத்தது இரண்டு திருகு, ஒரு சட்டைப் பொத்தான், கைப்பிடித் தூசி. அதெல்லாம் சேர்ந்தால் ஒரு பூனைக்குட்டிகூட ஆகாது. எரிச்சலில் ஆபீஸ் அறைக்குப் போய், பயணிகளை நிற்கவைத்து எடை பார்க்கும் மெஷினில் தானே ஏறி நின்றாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள். ஹெலிகாப்டரில் கூடியிருந்தது அச்சு அசல் அவள் எடை.

"அப்ப நீதான் எனக்குத் தெரியாம பின்னால ஏறி உக்காந்திருக்க" என்றார் கேப்டன், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. அவருக்கு எல்லாமே விளையாட்டு.

கேட்பதானால் அன்றைக்கே தரகரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். கொடுத்தால் கட்டிலில் பாதி மறுபடி காலி. ஆளும் சாமானும் எரிபொருளும் ஏற்றாமல் ஹெலிகாப்டர் தானாக எவ்வளவு இருக்கிறதோ அதற்குக் காலி எடை என்று பெயர். புதிதாக வந்த எண்ணையே காலி எடை என்று எழுதிவிட்டால் அது கூடுதல் இல்லை, ஹெலிகாப்டரின் சொந்த எடை. இடது பக்கம் சாயாமல் இருக்க வலது பக்கத் தரைக்கு அடியில் ஈயக் கட்டிகளை வைத்துத் திருகினால் சமம். தொழிலில் இப்படிச் செய்வதில் தப்பில்லை. காரணம் தெரியாமல் செய்வதில்தான் தப்பு, அதுவும் அவளுக்குத் தெரியும். எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

கதவைத் திறந்ததும் மீசை ஏனோ உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, "வரேன் அக்கா" என்று கிளம்பினார்.

*

ஹெலிகாப்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. கேப்டன் காலையில் விசிலடித்துக்கொண்டே வருவார். எல்லோரும் ஏறியதும் ஹெட்செட்டில், "போட்டாச்சா?" என்பார். பின்னாலிருந்து ஒவ்வொருவராக "போட்டாச்சு" சொல்ல வேண்டும். அது வந்தபிறகுதான் தரையை விட்டுக் கிளப்புவார். ராத்திரி வீட்டில் கதவடைத்து விளக்கணைக்கும்போதும் அதே கேள்வி, அவளிடமிருந்து அதே பதில். கட்டிலின் அந்தப் பாதியில் இப்போது ஆள் இருந்தது. அவள் தூக்கத்தில் கையை நீட்டி, இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு திரும்பிப் படுப்பாள். இத்தனை வருஷம் இதற்குத்தானே என்று இருக்கும்.

காலி எடை கூடிப்போனதால் ஒரு பயணி குறைவாகத்தான் ஏற்ற முடிந்தது. அதனால் பின்வரிசை இடது சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பக்கத்துச் சீட்டில் உட்கார்கிறவர்களை அவள் கவனித்தாள். குண்டானவரோ ஒல்லியானவரோ, இடது பக்கம் அவ்வளவு இடம் கிடக்க, முழங்காலை வலது பக்கம் ஒடுக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டு, நெரிசல் பஸ்ஸில் வருகிறவர் மாதிரி ஒதுங்கியே உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

தினமும் வேலை முடிந்ததும் அந்த பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்து இறுக்கிவிட்டுப் போவாள். இழுக்கும்போது பட்டை எதன் மேலோ தேய்ந்து வருவது போலத் தடுத்துத் தடுத்து வரும். காலையில் வந்து பார்த்தால் பழையபடி அதே அளவுக்குத் தளர்ந்து, அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். சில நாள் கழித்து இழுப்பதை விட்டுவிட்டாள். குளிர் காலையில் ஒருதரம் சீட்டுகளைத் துடைக்கும்போது, மற்றதெல்லாம் ஐஸாக இருக்க, அது மட்டும் இப்போதுதான் ஒருவர் எழுந்து போன பஸ் சீட்டு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனாள். விரல் மரத்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த மாதம் தீவிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவரும் வேலையை ஆஸ்பத்திரி கொடுத்தது. நல்ல வேலை, வருஷம் முழுக்க இருக்கும். ஸ்ட்ரெச்சர் வைக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் இடது ஓரமாகத்தான் போகும். பின்வரிசை இடது சீட்டைக் கழற்ற வேண்டும்.

இதற்காகவே காத்திருந்தது போல ஸ்பானரை எடுத்தாள். சீட்டை வெளியே எடுக்க பெல்ட் கொக்கியைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தாள். கிளிக். பட்டை இரண்டு பக்கமும் மெதுவாகச் சரிந்து விழுந்தது. நாலு போல்ட்டையும் கழற்றி, சீட்டைத் தூக்கிக்கொண்டு போய், ஹேங்கரின் பின்மூலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வைத்தாள். அது வெறும் சீட்டின் கனம்தான் இருந்தது.

சீட்டைக் கழற்றினால் மறுபடி எடை போட வேண்டும். மீசை வந்தார். கதவை மூடினார்கள். எண்ணைப் பார்த்ததும் மீசை மெஷினைத் தட்டினார்.

"அக்கா, இது தப்பா காட்டுதோ?"

சீட்டின் எடை போயிருந்தது. அதோடு ஒரு ஆளின் எடையும் போயிருந்தது. சீட்டைக் கழித்துப் பார்த்தால், ஹெலிகாப்டர் முதல் நாள் எவ்வளவு இருந்திருக்க வேண்டுமோ அவ்வளவே இருந்தது. வலது பக்கத்து ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே வைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியாகவும் இருந்தது. போனது எங்கே போனது என்று அவள் யோசிக்கவில்லை. உட்கார்ந்திருந்த ஒன்றின் சீட்டை எடுத்தால் அது எழுந்து வேறு இடம் பார்க்கும் என்று எந்த இன்ஜினியருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

*

கிளம்பும் முன் விமானி உட்பட எல்லோரும் ஆபீஸ் மெஷினில் ஏறி நிற்க வேண்டும். கேப்டன் ஏறினார். இறங்கி, முள்ளைப் பார்த்து, மறுபடி ஏறினார்.

"மெஷின் போச்சு."

மீசை ஏறினார், சரியாகக் காட்டியது. அவள் ஏறினாள், சரியாகக் காட்டியது. கேப்டன் ஏறினால் மட்டும் முள் இரண்டு பேரைக் காட்டியது.

"உன் சமையல்தான்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார். தட்டிய இடத்தில் சட்டை தொளதொளவென்று ஆடியது.

அன்றைக்குப் படுக்கும்போது அவர் பக்கம் மெத்தை பள்ளமாக இறங்கியது. அவள் உருண்டு அவர் முதுகில் போய் மோதினாள். மறுநாளும் அப்படித்தான். பிறகு கட்டில் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினாள். அவர் ஏறினால் வீட்டு மரப்படி முனகியது. காரில் ஏறினால் கார் அவர் பக்கம் சாய்ந்தது. செருப்பின் குதி தேய்ந்து வளைந்தது. உட்காரும்போது, இடுப்பில் எதையோ சுமந்து வந்து இறக்கி வைக்கிறவர் மாதிரி முதலில் கையை ஊன்றி, மூச்சை விட்டு, பிறகுதான் உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப்போனது. விசில் நின்றுபோனது.

ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் நோயாளியோடு இறங்கும்போது ஹெலிகாப்டர் தரையில் மோதி உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. கூட வந்த நர்ஸ் முகம் வெளுத்து இறங்கிப் போனாள். கேப்டன் சீட்டை விட்டு எழவில்லை.

"கால் மேல வரலம்மா" என்றார். "பெடல மிதிச்ச காலத் திரும்ப எடுக்கவே முடியல. யாரோ மடியில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

அவள் அவர் தோளில் கையை வைத்தாள். ஈரத் தலைமுடி வாசனை. அவருக்குத் தலையில் முடியே கிடையாது.

டாக்டரிடம் காட்டினால் லைசென்ஸ் போகும். காட்டாவிட்டால் ஒரு நாள் கடலில் விழுவார். மிதிக்கக் கால் வராமல், பின்னால் படுத்திருக்கும் யாரோ ஒருவரோடு சேர்ந்து. அவருக்குப் பதில் அவள் யோசித்தாள். அவர் மடியில் ஏறிக்கொண்ட அதற்கு வேண்டியது உட்கார ஓர் இடம், போட்டுக்கொள்ள ஒரு பெல்ட். இருந்ததை எடுத்தது அவள்தான். ஹெலிகாப்டருக்குள் திருப்பி வைக்க இடமில்லை, ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. ஹேங்கர் மூலையிலேயே சீட்டை நிமிர்த்தி, கொக்கி மாட்டி வைத்துப் பார்த்தாள். காலையில் பெல்ட் துவண்டு கிடந்தது. கேப்டன் முனகிக்கொண்டே உள்ளே வந்தார். அவர் ஹேங்கரில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஓய்ந்து உட்கார்வது வீட்டில்தான். அவரை விட்டு அது இறங்குவதானால் அங்கேதான் இறங்கும்.

சீட்டைக் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பிடும் அறையில், மேஜைக்கு எதிரே சுவரோரமாக, தரையில் நாலு துளை போட்டு போல்ட் வைத்து முறுக்கினாள். பெல்ட்டை மாட்டினாள். எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருந்தது. சரிதானா என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்று தோன்றியது. உட்காரவில்லை.

"வீட்டுல எதுக்கு இது?" என்றார் கேப்டன்.

"உக்கார."

"யாரு?"

"விருந்தாளி யாராவது வந்தா."

அவர் சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை மரப்படி முனகவில்லை. அவர் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்து, டவல் எங்கே என்று கேட்டார். ஆபீஸ் மெஷினில் முள் பழைய இடத்தில் நின்றது. அன்றைக்கு ஹெலிகாப்டர் பூ விழுகிற மாதிரி இறங்கியது. சாயங்காலம் சீட்டில் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. பெல்ட் விறைத்து, வளைந்து, இடம் விட்டு நின்றது.

பழகிவிட்டது. எதற்கும் பழகுகிறவள்தான் அவள். பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினாள். சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டாள். சில நேரம் தான் சொல்ல வந்ததை மறந்து, எதிரே பார்த்தபடி வெறுமனே உட்கார்ந்திருப்பாள். கேப்டன் பேசிக்கொண்டே இருப்பார். அவர் பார்ப்பது தன்னையா, தன்னைத் தாண்டி வேறு எதையோவா என்று அவளுக்குத் தெரியாது.

"இளைச்சுட்டீங்க அக்கா" என்றார் மீசை ஒரு நாள். "காத்தடிச்சா பறந்துடுவீங்க போல."

"வேலை ஜாஸ்தி" என்றாள். மெஷினில் ஏறிப் பார்க்கவில்லை.

*

மழை பிடித்தது. பறக்க முடியாத மழை. கேப்டன் வீட்டிலேயே இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து மழையைத் திட்டிவிட்டு மறுபடி தூங்கினார். அவருக்கு இவ்வளவு தூக்கம் கடலில் கிடைத்ததே இல்லை.

ஹேங்கருக்குள் தண்ணீர் ஏறுகிறதாக மீசை போன் செய்தார். மத்தியானச் சாப்பாடு முடித்து அவர் படுத்திருந்த நேரம். அவள் மட்டும் போய், வாய்க்காலை அடைத்திருந்த குப்பையை அள்ளிப் போட்டுவிட்டு, முழுக்க நனைந்து திரும்பினாள். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஈரமண்ணில் தன் செருப்புத் தடம் பதிகிறதா என்று பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. கதவைத் திறந்து, மூடி, தாழ் போட்டாள். திரை இழுத்து விட்டிருந்ததால் வீடு மங்கலாக இருந்தது. கூரைத் தண்ணீர் வாளியில் விழும் சத்தம். பிரிட்ஜின் முனகல். தன் தலைமுடியிலிருந்து தரையில் சொட்டும் சொட்டு.

சாப்பிடும் அறையைத் தாண்டும்போது நின்றாள்.

பெல்ட் கழற்றியிருந்தது.

அறுந்து விழவில்லை. கொக்கியைத் திறந்து, இரண்டு பாதியையும் சீட்டின் இரண்டு பக்கத்திலும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது, நல்ல பயணி இறங்கிப் போன மாதிரி. சீட்டைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

என்னங்க என்று கூப்பிட நினைத்தாள். உதடு மரத்திருந்தது.

படுக்கை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருக்களித்து, அவள் பக்கமாகத் திரும்பி. அவள் படுக்கும் இடத்தில் மெத்தை பள்ளமாக இறங்கியிருந்தது. அவள் தலையணை நடுவில் அமுங்கியிருந்தது. அங்கே யாரும் இல்லை. அவர் இடது கையை நீட்டிப் போட்டிருந்தார், தூக்கத்தில் எப்போதும் போடுவது போல. அந்தக் கை மெத்தையில் படவில்லை. மெத்தைக்கு மேலே, படுத்திருக்கிற ஒருவரின் இடுப்பு உயரத்தில், எதன் மேலோ கிடந்தது. கை மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. மூச்சு விடும் வேகத்தில்.

அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. அவள் பக்கத்தில் இருக்கும்போது வருகிற நிம்மதி அது.

பின்வாங்கினாள். எங்கே போவது என்று தெரியவில்லை. கட்டிலின் இரண்டு பாதியிலும் ஆள் இருக்கிறது. காலியாக இருந்தது ஒரே இடம். கால் தானாக அங்கே போனது.

உட்கார்ந்தாள். சீட்டின் மெத்தை அமுங்கவில்லை. மரத்த விரல்கள் தொழில் பழக்கத்தில் இரண்டு பக்கத்துப் பட்டையையும் எடுத்து, மாட்டின. கிளிக். இறுக்க வேண்டியிருக்கவில்லை. தளர்த்த வேண்டியிருக்கவில்லை. அவள் அளவுக்கே இருந்தது. முதல் நாளிலிருந்தே.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"வந்துட்டியா?" கேப்டனின் தூக்கக் குரல். "கதவு போட்டாச்சா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"போட்டாச்சு" என்றது படுக்கை அறையிலிருந்து அவள் குரல்.

"ம்."

செருப்பு தேடும் சத்தம். கேப்டன் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மூக்கை உறிஞ்சி, ஏதோ ஈர வாசனை அடிக்கிறதே என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை சீட்டில் வந்து நின்றது. என்னங்க, என்றாள் அவள். என்னங்க. அவர் சீட்டைத்தான் பார்த்தார். வளைந்து, உயர்ந்து, இடம் விட்டு நிற்கிற பெல்ட்டை.

"இத ஏன் இப்படித் தொளதொளன்னு விட்டிருக்க?" என்றார், படுக்கை அறையைப் பார்த்து.

உள்ளேயிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. கேப்டனும் சிரித்துக்கொண்டே குனிந்து, ஒரு முழங்காலை சீட்டின் விளிம்பில் ஊன்றி, பெல்ட்டின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்து, சீட்டோடு சீட்டாக ஒட்டும்வரை இழுத்தார்.